உள்ளெஞ்சின் மரப்படகின் வேகத்தைக் கூட்டுவது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1950களில் கட்டப்பட்ட, 17 அடி நீளமுள்ள மகாகனி மரப்படகு ஒன்றை வைத்திருக்கிறேன். நடுவில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அது சுழலும் அதே வேகத்தில் ஷாஃப்டும் சுழல்கிறது. எஞ்சின் தகட்டில் 3200 சுற்றுகளில் 95 குதிரைத்திறன் என்று பொறித்திருக்கிறது. புரொப்பல்லர் 13 அங்குல விட்டமும் 12 அங்குல பிட்ச்சும் கொண்டது. முழு வேகத்துக்குத் தள்ளினாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 2900 சுற்றுகளைத் தாண்டுவதில்லை. படகும் மணிக்கு 24 மைலுக்கு மேல் போவதில்லை. 30 மைலைத் தொட வேண்டும் என்பது என் ஆசை. எஞ்சினை மாற்றிவிட்டு ஒரு வி-8 பொருத்தும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். அதுதான் வழியா?

பதில்: அது வழிகளில் ஒன்று, ஆனால் கடைசி வழி. நீங்கள் எழுதியுள்ள நான்கு எண்களிலேயே உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்பதால், அவற்றை வைத்தே தொடங்குகிறேன்.

பிட்ச் 12 அங்குலம் என்றால், புரொப்பல்லர் நழுவாமல் சுழன்றால் ஒரு சுற்றுக்குப் படகு 12 அங்குலம் முன்னேறும் என்று பொருள். நிமிடச் சுற்றுகளைப் பிட்ச்சால் பெருக்கி 1056ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்பது கிடைக்கும். உங்கள் 2900 சுற்றுகளுக்கு அது ஏறத்தாழ 33 மைல். நீங்கள் அடைவதோ 24 மைல். இடையில் காணாமற்போகும் ஒன்பது மைல், அதாவது 27 சதவீதம், நழுவல். நழுவலே இல்லாத புரொப்பல்லர் எங்கும் கிடையாது; நழுவினால்தான் அது நீரைப் பின்னுக்குத் தள்ளிப் படகை முன்னுக்கு நகர்த்த முடியும். ஆனால் நீர்மேல் வழுக்கி ஓடும் இத்தகைய படகுக்கு 15 முதல் 20 சதவீதம் வரையிலான நழுவல்தான் ஆரோக்கியமானது. உங்கள் எஞ்சின் தகட்டில் உள்ளபடி 3200 சுற்றுகளை எட்டி, நழுவலும் 20 சதவீதமாக இருந்தால், இதே எஞ்சினும் இதே புரொப்பல்லரும் படகை 29 மைல் வேகத்தில் கொண்டுபோகும். நீங்கள் தேடும் ஆறு மைலில் ஐந்து மைல் ஏற்கெனவே உங்கள் படகுக்குச் சொந்தமானது, எங்கோ இழந்திருக்கிறீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் குதிரைத்திறன் கணக்கை வைத்துப் பாருங்கள். வழுக்கி ஓடும் படகின் வேகம், குதிரைத்திறனை எடையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்தை ஒட்டியே உயரும் என்பது படகு வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் விதி. 1924, 1925 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் கோல்டு கப் விசைப்படகுப் பந்தயத்தை வென்ற ‘பேபி பூட்லெக்கர்’ படகை வடிவமைத்த ஜார்ஜ் க்ரௌச் என்பவரின் பெயரால் அந்த விதி வழங்குகிறது. அதன்படி 24 மைலை 30 ஆக்க எஞ்சின் வலுவை மட்டும் நம்பினால் 56 சதவீதம் கூடுதல் வலு, அதாவது 148 குதிரைத்திறன் தேவைப்படும். எஞ்சினில் பத்து சதவீதம் கூட்டினால் வேகத்தில் ஐந்து சதவீதம்தான் கூடும். ஆகவே முதலில் இழந்ததை மீட்பது, பிறகு கூடுதலாக எதையும் தேடுவது என்ற வரிசையை விட்டு விலகாதீர்கள்.

முதலில் அளவுகளைச் சரிபாருங்கள். அக்காலத்துச் சுற்றுமானிகள் இருநூறு சுற்றுகள் வரை கூட்டியோ குறைத்தோ காட்டுவது வழக்கம் என்பதால், எஞ்சினின் முன்சக்கரத்தில் ஒளிபிரதிபலிக்கும் நாடாவை ஒட்டி, ஒளிவழியாகச் சுற்றை எண்ணும் கைக்கருவியால் அளந்து பாருங்கள். வேகத்தை ஜிபிஎஸ் கொண்டு எதிரெதிர்த் திசைகளில் ஒவ்வொரு முறை ஓட்டி அளந்து சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். நீரோட்டமும் காற்றும் அப்போதுதான் கணக்கிலிருந்து நீங்கும். ஒவ்வொரு அளவிலும் எத்தனை பேர் படகில் இருந்தார்கள், எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, மறுபடி அளந்து, பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். எஞ்சின் மட்டும் தளர்ந்திருந்தால் சுற்று குறையும், ஆனால் நழுவல் பெரிதாக மாறாது. புரொப்பல்லரின் பிட்ச் மட்டும் அதிகமாக இருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். சுற்றும் குறைந்து நழுவலும் கூடியிருக்கிறது என்றால், படகின் அடிப்பகுதி நீரில் இழுபடுகிறது, அல்லது எடை ஏறியிருக்கிறது, அல்லது புரொப்பல்லரின் இதழ்கள் சிதைந்திருக்கின்றன என்றே முதலில் ஐயுற வேண்டும். உங்கள் எண்கள் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன. ஆகவே படகைக் கரையேற்றி, அதன் அடியில் படுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஐந்தடி நீளமுள்ள நேரான அலுமினியப் பட்டை ஒன்றை எடுத்து, பின்பலகையின் கீழ்விளிம்பிலிருந்து அணியத்தை (படகின் முன்பகுதியை) நோக்கி, படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டைக்கு இணையாக அடிப்பலகைமீது வையுங்கள். ஏராக்கட்டைக்கு அருகில், நடுவில், வெளிவிளிம்புக்கு அருகில் என்று இரண்டு பக்கங்களிலும் மூன்று மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். பட்டையின் இரு முனைகளும் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடிப்பகுதி குழிந்திருக்கிறது. அந்தக் குழிவு மூன்று மில்லிமீட்டர் இருந்தாலே போதும். ஓடும்போது அமரத்தை (படகின் பின்பகுதியை) உயர்த்தி, அணியத்தை நீருக்குள் அழுத்தி, நனையும் பரப்பைப் பெருக்கி, வேகத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் விழுங்கிவிடும். பழைய மரப்படகுகளில் இதற்குப் பெரும்பாலும் காரணமாவது கடலோ ஏரியோ அல்ல, படகைச் சுமக்கும் டிரெய்லர்தான். தாங்குகட்டைகள் பின்பலகை வரை நீளாமல் ஓரடி முன்பே நின்றுவிட்டால், தாங்கலின்றித் தொங்கும் அமரம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கீழே வளைகிறது. குழிவைச் சரிசெய்யும் வழியை, அதற்குக் காரணம் வளைந்த வங்கா (பலகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமா), ஊறி உப்பிய பலகையா, பழைய பழுதுபார்ப்பில் அப்பிய பூச்சா என்று கண்டறிந்த பிறகே தீர்மானிக்க வேண்டும். பலகையை இழைத்துச் சமனாக்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பலகையின் தடிமன்தான் படகின் உயிர்.

அதே இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். பின்பலகையும் அடிப்பலகையும் சேரும் கீழ்விளிம்பு கத்திபோல் கூராக இருக்க வேண்டும். அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் விளிம்பும், குறிப்பாகப் பின்பாதியில், அவ்வாறே இருக்க வேண்டும். நீர் அங்கிருந்து சட்டென்று பிரிந்து விலகினால்தான் படகு வழுக்கும். ஒவ்வோர் ஆண்டும் தேய்த்துத் தேய்த்துப் பூசியதில் அந்த விளிம்புகள் உருண்டுபோன படகுகளில், நீர் விளிம்பைச் சுற்றி மேலே ஏறிப் பின்பலகையைப் பற்றி இழுக்கிறது. எபாக்ஸியால் அந்த விளிம்பை மீண்டும் கூராக்குவது ஒரு நாள் வேலை. பணம் அதிகம் கேட்காத, பலன் அதிகம் தரும் இந்த வேலையைப் பலர் கவனிக்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பூச்சைப் பொறுத்தவரை, படகு வழுக்கத் தொடங்கிய பிறகு பின்பகுதி மட்டுமே நனைகிறது என்பதால், அடுக்கடுக்காகச் சேர்ந்த பழைய பூச்சை அங்கே சுரண்டி எடுத்து, கடினமான பூச்சு பூசி, நீர்த்தாளால் (ஈர உப்புத்தாளால்) வழவழப்பாகத் தேய்த்தால் போதும். ஷாஃப்டைத் தாங்கும் வெண்கலத் தாங்கியின் அடித்தகடு பலகையோடு சமமாகப் பதிந்திருக்கிறதா, திருகாணித் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, எப்போதோ கைவிட்ட வேகமானிக் குழாய் இன்னும் தொங்குகிறதா என்றும் பாருங்கள். இவற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறும். மேலும் புரொப்பல்லருக்கு நேர் முன்னால் உள்ளவை அதற்குச் செல்லும் நீரைக் கலக்கி நழுவலையும் கூட்டும்.

அடுத்தது எடை. படகை டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, பிறகு டிரெய்லரைத் தனியாக நிறுத்து, வேறுபாட்டைக் கண்டறியுங்கள். நீரில் ஊறவைத்து இணைப்புகளை இறுக்கும் பழைய முறையில் கட்டிய அடிப்பகுதி, கரையில் உலர்ந்திருந்த நாளைவிட ஊறிய பிறகு கணிசமாகக் கனக்கும் என்பதால், சில நாள் நீரில் கிடந்த படகை நிறுத்துவதே சரி. 100 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 74 கிலோ. படகின் அடியில் தேங்கிய 50 லிட்டர் நீர் 50 கிலோ, அதுவும் வேகமெடுக்கும்போது அப்படியே அமரத்துக்கு ஓடும் 50 கிலோ. நங்கூரங்கள், சங்கிலிகள், உதவாத இரண்டாம் பேட்டரி, இருக்கைக்கு அடியில் மறந்துபோன கருவிப்பெட்டி எல்லாவற்றையும் கரையில் இறக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உயிர்காப்பு உடைகளையும் தீயணைப்பானையும் மட்டும் ஒருபோதும் எடை என்று எண்ணாதீர்கள்.

அதன் பிறகு புரொப்பல்லர். பழைய வெண்கலப் புரொப்பல்லரில் 12 என்று பொறித்திருப்பது அது வார்க்கப்பட்ட நாளின் அளவு. இடையில் கட்டையில் மோதி, சுத்தியலால் நிமிர்த்தி, முனைகளை அரத்தால் ராவியிருந்தால், மூன்று இதழ்களும் மூன்று வெவ்வேறு பிட்ச்சில் இருக்கக்கூடும். புரொப்பல்லர் செப்பனிடும் பட்டறையில் ஒவ்வோர் இதழையும் பல ஆரங்களில் அளந்து சமப்படுத்தித் தரச் சொல்லுங்கள். இவையெல்லாம் முடிந்த பிறகும் எஞ்சின் 3200 சுற்றுகளை எட்டாவிட்டால்தான் பிட்ச்சைக் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்றுகள் வரை ஏறும். பிட்ச்சைக் குறைத்தால் வேகமும் குறையும் என்று அஞ்ச வேண்டாம்: 11 அங்குலப் பிட்ச்சில், 3200 சுற்றுகளில், 18 சதவீத நழுவலோடு உங்கள் படகு 27 மைலைக் கடக்கும்.

கேள்வி: மூன்று இதழ் புரொப்பல்லருக்குப் பதிலாக நான்கு இதழ் பொருத்தினால் வேகம் கூடுமா? இதழ் விளிம்பை வளைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். அது பயனுள்ளதா?

பதில்: உச்ச வேகம் ஒன்றே நோக்கம் என்றால், சரியாகத் தேர்ந்த மூன்று இதழ் புரொப்பல்லருக்கு இணையாகவோ சற்றுக் குறைவாகவோதான் நான்கு இதழ் தரும். அதன் சிறப்பு வேறு: அதிர்வு குறையும், படகு விரைவாக நீர்மேல் எழும், நடுத்தர வேகத்தில் நிலைத்து ஓடும். இதழ் முனைக்கும் படகின் அடிக்கும் இடையே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதமாவது இடைவெளி வேண்டும். அது கிடைக்காத படகில், விட்டத்தைச் சற்றுக் குறைத்து நான்கு இதழுக்கு மாறுவது நல்ல தீர்வு.

இதழின் பின்விளிம்பில் சிறு வளைவு கொடுப்பது பயனுள்ளதே. நீரை இதழ் இறுகப் பற்ற அது உதவுகிறது. இதழின் முதுகில் நீர் ஆவிக்குமிழ்களாக உடைவதும் குறைகிறது. ஆனால் பிட்ச்சை ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட்டியதற்குச் சமமான சுமை எஞ்சின்மீது ஏறும். ஏற்கெனவே சுற்று குறைவாக ஓடும் எஞ்சினுக்கு அந்த வளைவைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். வளைவு வேண்டுமென்றால் பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைந்த புரொப்பல்லரில் கொடுக்கச் சொல்லுங்கள். கணினி வழியாகக் கடைந்தெடுக்கும் இக்காலப் புரொப்பல்லர்கள் இதழுக்கு இதழ் வேறுபாடின்றி அமைகின்றன. உள்ளெஞ்சின் நீர்ச்சறுக்குப் படகுகளுக்காக உருவான அந்த வகையைப் பழைய படகுகளில் பொருத்தி நல்ல பலன் கண்டவர்கள் பலர். படகின் மூலப் புரொப்பல்லரைக் கண்காட்சி நாளுக்காகப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எஞ்சினைப் பிரிக்காமலேயே அதன் முழு வலுவையும் பெற என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், எஞ்சின் ஓடாதபோது ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி நெம்புகோலை முழுவதும் தள்ளச் சொல்லிவிட்டு, கார்புரேட்டருக்குள் உள்ள வட்டத் தகடு முழுவதும் திறக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தேய்ந்த இணைப்புக் கம்பிகளால் அது முக்கால் பங்கு மட்டுமே திறக்கும் படகுகள் மிகப் பல. பிறகு எஞ்சின் பெட்டியின் மூடியைச் சற்றே திறந்து வைத்து முழு வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அப்போது சுற்று ஏறினால், மூடிய பெட்டிக்குள் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். காற்று மூன்று டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதன் அடர்த்தி ஒரு சதவீதம் குறையும் என்பதால், குளிர்ந்த காற்றை உள்ளே கொண்டுவரும் வழியைச் சீராக்குவது வீண்வேலை அல்ல.

இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் தருணத்தை, நின்ற நிலையில் மட்டும் வைத்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். டிஸ்டிரிபியூட்டருக்குள் சுற்றுக்கேற்ப விரியும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருந்தால், உயர் சுற்றில் எஞ்சின் சோர்ந்துவிடும். டைமிங் விளக்கைக் கொண்டு சுற்றை ஏற்றியபடி பார்க்க வேண்டும். எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து, ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி அடையலாம். புகைபோக்கும் ரப்பர்க் குழாயின் உள்ளடுக்கு உரிந்து வழியை அடைப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கழற்றித்தான் பார்க்க வேண்டும். கார்புரேட்டரின் வாயில் இருக்கும் தீத்தடுப்பு வலையைக் கழுவிச் சுத்தம் செய்யுங்கள். வேகத்துக்காக அதைக் கழற்றிவிடாதீர்கள். எஞ்சின் தும்மும்போது வெளிவரும் தீ, அடியில் தேங்கிய பெட்ரோல் ஆவியைத் தொடாமல் காப்பது அந்த வலைதான்.

கேள்வி: எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு 28 மைலில் ஓடும் என் 19 அடிப் படகில், 3200 சுற்றுகளில் 95 குதிரைத்திறன் தரும் எஞ்சினை எடுத்துவிட்டு, 4400 சுற்றுகளில் 250 குதிரைத்திறன் தரும் வி-8 பொருத்த முடிவு செய்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஷாஃப்டிலிருந்து தொடங்குங்கள். பழைய எஞ்சின் 3200 சுற்றுகளில் தந்த முறுக்குவிசையைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்கை இந்த எஞ்சின் தரும். ஷாஃப்டின் வலிமை அதன் விட்டத்தின் மும்மடியை ஒட்டி உயர்வதால், அதே உலோகத்தில் ஓரங்குல ஷாஃப்டுக்குப் பதிலாக ஒன்றேகால் அங்குல ஷாஃப்ட் தேவைப்படும். அதோடு தாங்கி, ரப்பர் பேரிங், ஷாஃப்ட் வெளியேறும் குழாய், கப்ளிங், ரிவர்ஸ் கியர் எல்லாமே மாறும். புதிய எஞ்சின் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்து அதற்கேற்ற திசையில் சுழலும் புரொப்பல்லரை வாங்க வேண்டும். எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இரு முகங்களும் நேராகப் பொருந்துகின்றனவா என்று கரையில் சரிபார்ப்பது பயனற்றது; படகு நீரில் இறங்கி மரம் ஊறி வடிவம் நிலைத்த பிறகு, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் இடைவெளியை அளந்து, நான்கு அங்குலக் கப்ளிங்குக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்குக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எந்த வேறுபாடும் இல்லாதவாறு பொருத்த வேண்டும்.

காருக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பெட்ரோல் பம்பு ஆகியவற்றைப் படகில் பொருத்தவே கூடாது. படகுக்கென்று செய்தவற்றில் தீப்பொறி வெளியே வராத அமைப்பு உண்டு. மூடிய எஞ்சின் பெட்டிக்குள் அந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

இதைவிட முக்கியமாக நான் கவலைப்படுவது படகின் உடலைப் பற்றி. க்ரௌச் விதிப்படி, எடை மாறாவிட்டால் உங்கள் வேகம் 1.6 மடங்காகும், 28 மைலில் ஓடிய படகு 45 மைலை எட்டும். அலைமீது மோதும்போது அடிப்பலகைகள் தாங்கும் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, 2.6 மடங்காக ஏறும். அந்த வேகத்துக்காக உங்கள் படகு கட்டப்படவில்லை. வங்குகள், அவற்றைப் பலகையோடு பிணைக்கும் திருகாணிகள், எஞ்சினைச் சுமக்கும் நீளக்கட்டைகள், சுக்கானைத் திருப்பும் இணைப்புகள் ஆகிய அனைத்தையும் சில திருகாணிகளை வெளியே எடுத்துப் பார்த்துச் சோதியுங்கள். வெண்கலத் திருகாணி செந்நிறமாகி, நுனி மெலிந்து வெளியே வந்தால், முதலில் அடிப்பகுதியைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: வேகத்துக்காகப் பெட்ரோல் டேங்கைப் பின்னுக்கு நகர்த்தினேன். மூன்று மைல் வேகம் கூடியது, ஆனால் இப்போது அணியம் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் சரியான திசையில் போய், எல்லையைச் சற்றே தாண்டிவிட்டீர்கள். எடை பின்னுக்குப் போகும்போது அணியம் உயர்கிறது, நனையும் பரப்பு குறைகிறது, வேகம் கூடுகிறது. வழுக்கி ஓடும் படகு நான்கைந்து டிகிரி நிமிர்ந்து ஓடும்போதுதான் அதன் இழுவை மிகக் குறைவு. அதற்கு மேல் நிமிர்ந்தால் இந்தக் குதிப்பு தொடங்கும். பேட்டரியை முன்னுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். போதாவிட்டால் டேங்கைச் சிறிது சிறிதாக முன்னுக்கு நகர்த்தி, குதிப்பு நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் ஓட்டிப் பார்த்தே அந்த இடத்தை உறுதிசெய்ய வேண்டும். பின்விளிம்பின் அடியில் மெல்லிய ஆப்புக்கட்டை ஒட்டினாலும் குதிப்பு அடங்கும், ஆனால் கிடைத்த வேகத்தில் ஒரு பகுதி போய்விடும்.

கேள்வி: நீர்க்கோட்டில் 25 அடி நீளமும் ஒடுங்கிய உடலும் கொண்ட பழைய லாஞ்ச் ஒன்று என்னிடம் உள்ளது. 15 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதில் 40 போட்டால் வேகம் எவ்வளவு கூடும்?

பதில்: மிகச் சிறிதே கூடும். உங்களுடையது நீர்மேல் வழுக்கும் படகு அல்ல, நீரைப் பிளந்து செல்லும் படகு. அதன் இயல்பான உச்ச வேகம், நீர்க்கோட்டு நீளத்தை அடியில் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வரும் எண். உங்கள் படகுக்கு அது 6.7 நாட் (மணிக்கு 6.7 கடல்மைல்). அதற்கு மேல் தள்ளினால் தானே எழுப்பும் அலையின் சரிவில் படகு ஏற முயன்று, அமரம் தாழ்ந்து, பெட்ரோலை எரிக்கும். உடல் மிகவும் ஒடுங்கியிருந்தால் இந்த எண்ணைச் சற்றே தாண்டலாம். இப்போது ஆறரை நாட் போகிறதென்றால் எஞ்சினை மாற்ற வேண்டாம். ஐந்து நாட்தான் போகிறதென்றால், அடியில் ஒட்டிய சிப்பிகளையும் புரொப்பல்லரையும் பாருங்கள். மெதுவாகச் சுழலும் எஞ்சினோடு, பொருந்தும் மட்டும் பெரிய விட்டமுள்ள புரொப்பல்லரைப் போட்டால், இருக்கும் 15 குதிரைத்திறனே அந்தப் படகுக்குப் போதும்.